அரிசியில்லாத தோசையும் காலியாக வந்த டப்பாவும்

அரிசி, கோதுமை, மைதா எதுவும் போடாமல் பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அது பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போவது என் தலையெழுத்து.

மாவு பொங்கிய காலை

பாத்திரத்து மூடியைத் திறந்ததும் சுதா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மந்தைவெளியில் அவர் வீட்டுக் கீழ்த்தளம்தான் எங்கள் கிச்சன். பிளஸ் டூவைப் பாதியில் விட்ட நான்தான் மாஸ்டர், நான்தான் டெலிவரியும். இந்த வேலையும் போனால் நேராக டுடோரியல்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அடையாறில் ஆதவ் என்ற பையன் வீட்டு டப்பா காலியாகத் திரும்பாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று அக்காவும் சொல்லிவிட்டார். சாப்பாடு கொண்டுபோகும் உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பி வரும் டப்பாதான் நமக்குப் பரீட்சை ரிசல்ட்.

சரி, தோசைக்கு வருகிறேன். பாதாம் மாவு, தேங்காய் மாவு, முட்டை. கலந்த உடனே ஊற்ற வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? தோசை மாவு என்றால் ராத்திரி வெளியே வைத்துப் புளிக்க விடணும், அவ்வளவுதான் தெரியும். விட்டேன். முட்டை தன் வேலையைக் காட்டிவிட்டது. வாசலில் நின்றபடியே அக்கா கேட்டார்: "டேய், மாவு கலக்கி வெச்சியா, இல்ல எலி செத்துக் கெடக்கா?"

சுரைக்காய் நூடுல்ஸ்

அடுத்து நூடுல்ஸ். சுரைக்காயை நீளநீளமாகச் சீவி, வதக்கி, சாஸ் ஊற்றினால் நூடுல்ஸ். எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று உப்பை முதலிலேயே போட்டு வைத்தேன். அடையாறு போய்ச் சேருவதற்குள் சுரைக்காய் தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் டப்பாவில் விட்டிருந்தது.

ஆதவுக்கு ஏழு வயது. கோடை லீவு. தானியம் சாப்பிட்டால் பிள்ளை மந்தமாகிவிடுவான் என்று யாரோ சொன்னதை அவன் அம்மா பிடித்துக்கொண்டதால், வீட்டில் அரிசிப் பானைக்கே வேலையில்லை. டப்பாவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, உங்க நூடுல்ஸ் அழுவுது."

திடீரென்று பாஸ்

அந்த டப்பா அப்படியே திரும்பியது. பூக்கோசைத் துருவி 'எலுமிச்சை சாதம்' என்று அனுப்பியதும் முக்கால்வாசி திரும்பியது. டுடோரியல் போர்டைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை முறுக்கினேன்.

அப்புறம் ஒருநாள் டப்பா காலி. மறுநாளும் காலி, கழுவ வேண்டாத மாதிரி துடைத்த காலி. நான் என்னை யாரென்று நினைத்துக்கொண்டேன் தெரியுமா? பெரிய கல்யாண மாஸ்டர் மாதிரி தோளில் துண்டு போட ஆரம்பித்தேன். அக்காவுக்கே யோசனை சொன்னேன். ஆதவ் அம்மா கதவைத் திறந்து, மீட்டிங்குக்கு நடுவில், காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "எங்காத்துல இவன் இப்படிச் சாப்ட்டு நான் பார்த்ததே இல்லப்பா, கையில என்ன மாயம் வெச்சுண்டிருக்கே?"

மாயம் இருந்த இடம்

ஒருநாள் டப்பாவைக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் டப்பாவின் மூடியை வாங்க மறந்து பாதி வழியிலிருந்து திரும்பிப் போனேன். ஃப்ளாட் கீழே, ஜெனரேட்டர் பக்கம், வாட்ச்மேன் முனுசாமி என் பூக்கோசைத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஆதவ், முனுசாமியின் வீட்டம்மா கட்டிக்கொடுத்த நிஜ எலுமிச்சம் சோற்றை இரண்டு கன்னமும் உப்ப அடைத்துக்கொண்டிருந்தான். விளையாடிக்கொண்டே சாப்பிடுகிறேன் என்று டப்பாவோடு தினமும் கீழே வந்துவிடுகிறானாம்.

துண்டை எடுத்துப் பைக்குள் திணித்தேன். "நல்லாவா இருக்கு?" என்று முனுசாமியைக் கேட்டேன், வெட்கமில்லாமல். அவர் மென்றபடியே சொன்னார்: "சுகர் கீது, சோறு துன்னாதேன்னு என் பொண்ணு கத்துது நைனா, அதான் துன்றேன், இல்லாங்காட்டி இத்த எவன் துன்னுவான்?"

கேமரா

அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. "டப்பா காலியா வருதில்ல? வாய மூடு" என்றார்.

இரண்டு நாளில் ஆதவ் அம்மா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஃப்ளாட்டில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்கு அனுப்ப ஒரு வீடியோவாம். அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் அந்த ஃப்ளாட் முழுக்க எங்கள் டப்பாதான். என் வேலையும் கெட்டி. லிஃப்ட்டில் அக்கா பாடம் நடத்தினார்: "நீ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரி. பேச்செல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஆதவ் அம்மா போனைப் பிடித்தபடி, "இவன் கன்னத்தைப் பாருங்கோ! தானியமே தொடாம இப்படித் தேறியிருக்கான்" என்றார். பிறகு போன் என் பக்கம் திரும்பியது. "அப்படி என்னதான் பண்ணித் தரே? சொல்லுப்பா."

அக்கா என் காலை மிதித்தார். இன்னும் எத்தனை அம்மாக்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஜெனரேட்டர் மூலைகள் என்று ஒரு நொடி நினைத்தேன். பொறுமை போய்விட்டது. "எலுமிச்சம் சோறு, ஆன்ட்டி. அரிசிச் சோறு. அது நான் செஞ்சது இல்ல" என்றேன்.

ஆதவ் நிம்மதியாக மூச்சுவிட்டு, "நாளைக்கு வாட்ச்மேன் வீட்டுல புளி சாதமாம், அம்மா!" என்றான். போன் மெதுவாகக் கீழே இறங்கியது. ஆதவ் அம்மா பிள்ளையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் சுதாரித்துக்கொண்டு சொன்னார்: "விளையாட்டுப் பையன் மேடம், அதை அழிச்சிட்டுத் திரும்ப எடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார்: "டேய், இந்த வாட்டி சிரிச்சா மட்டும் போதும்."

அரிசி இல்லாமல், கோதுமை இல்லாமல் என்னென்னவோ செய்து பார்த்த நான், அந்த ஒரு சிரிப்பை மட்டும் செய்யவே இல்லை.