மழைக்காலத்துக் கடலும் அம்மாவின் காய்ச்சலும்

என் அப்பாவுக்குக் கூட்டம் பிடிக்காது. ஆனால் கூட்டம் போகிற இடங்கள் ரொம்பப் பிடிக்கும். இந்தச் சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த வழி, எல்லாரும் போய்விட்டு வந்த பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போவது. தைப்பூசத்துக்கு மறுநாள்தான் நாங்கள் தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போவோம். சாலையில் சிதறிக் கிடக்கும் தேங்காய்ச் சில்லுகளை நகராண்மைக் கழகத்து ஆட்கள் லாரியில் வாரிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். "இன்னைக்குத்தான் முருகன் ஓய்வா இருப்பாரு. நம்ம சொல்றத நின்னு கேப்பாரு" என்பார் அப்பா. பருவம் முடிந்து கடைக்காரன் கடையைக் கட்டுகிற நாளில் டுரியான் பழம் வாங்கி வருவார். பனி மூடிய நாளாகப் பார்த்துக் கொடிமலைக்கு ரயில் ஏறுவோம். மேலே நின்று வெள்ளையாக எதையோ பார்த்துவிட்டு இறங்கி வருவோம்.

நாங்கள் மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் இருந்தோம். பத்து பெரிங்கி என்ற கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம். வெள்ளைக்காரர்கள் ஆகாய விமானம் ஏறி வந்து அங்கிருக்கும் பெரிய ஹோட்டல்களில் தங்கி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடந்து, செக்கச் செவேலென்று திரும்பிப் போவார்கள். அந்த ஹோட்டல்களை நாங்கள் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தோம். எனக்கு ஒன்பது வயது நடந்த எண்பதுகளின் ஓர் அக்டோபர் மாதம். மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா வேலை முடிந்து வந்து, நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல், வரும் வெள்ளிக்கிழமை நாம் எல்லாரும் பெரிங்கி ஹோட்டலில் தங்கப் போகிறோம் என்று அறிவித்தார். மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலையாம்.

"மழையிலயா?" என்றார் அம்மா.

"மழையிலதான்லா போகணும். டிசம்பர்ல போனா கடல் எங்க தெரியும்? மண்டைதான் தெரியும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரூம்ல அடுப்பு இருக்குமா?"

"ஹோட்டல் ரூம்ல எங்க அடுப்பு?"

"அப்ப வர்றேன்" என்றார் அம்மா.

அதன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களோடு இருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, பிறை என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். எந்த ஷிப்டாக இருந்தாலும், மனிதர்கள் யாரும் சாப்பிடாத ஒரு நேரத்தில் அவருக்குப் பசிக்கும். அப்பாவுக்குக் காலையில் வைத்த குழம்பு சாயங்காலம் இறங்காது. என் தம்பிக்கு எது வைத்தாலும் இறங்காது. ஆகவே அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க ஆரம்பித்தால், நின்றுகொண்டே இருப்பார். கல்யாணமான பத்து வருடத்தில் அவர் அடுப்பைத் தொடாமல் இருந்தது இரண்டே தடவை. ஒன்று நான் பிறந்தபோது, மற்றது தம்பி பிறந்தபோது. தம்பி பிறந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா சும்மா படுத்திருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ரெண்டே நாளு. அந்த ரெண்டு நாளும் அடுப்புப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்று அம்மா எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். அப்பா தாராளமாகத் தலையாட்டினார். வீட்டில் தனியாக இருக்கப் போகும் சித்தப்பாவின் முகம்தான் சுண்டிப் போயிற்று. அவருக்காக அம்மா புளிக்குழம்பு, நெத்திலி சம்பல், வறுவல், பொடி என்று வகைவகையாகச் செய்து டப்பாக்களில் அடைத்தார். இரண்டு நாள் அடுப்பைத் தொடாமல் இருப்பதற்காக அவர் மூன்று நாள் அடுப்பை விட்டு நகரவில்லை.

ஹோட்டல் எட்டு மாடி. வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் போய் இறங்கியபோது, எங்கள் ஒரு பெட்டியைத் தூக்க நான்கு பேர் ஓடி வந்தார்கள். பெட்டி கிடைக்காத இரண்டு பேர் என்னையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது மேசைகள் வெள்ளைத் துணி போர்த்திக் காத்திருந்தன. நாங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். தம்பி தண்ணீரில் ஒரு வாய் குடித்தால் ஒருவர் வந்து ஒரு வாய் ஊற்றினார். தம்பிக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. கடற்கரையில் குதிரை சவாரிக்காரர் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். குதிரைக்கு பிளாஸ்டிக் போர்த்தியிருந்தது. எங்களைக் கண்டதும் அவரும் குதிரையும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். கடல் சேற்று நிறத்தில் இருந்தது. மணலில் சிவப்புக் கொடி படபடத்தது. குளிக்கக் கூடாது என்று அர்த்தம்.

"பாத்தியா? ஒருத்தர் இல்ல" என்றார் அப்பா, கடலையே தான் விலைக்கு வாங்கிவிட்டது போல.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் அம்மா படுக்கைகளைத் தட்டி விரித்தார். குளியலறையைத் தேய்த்துக் கழுவினார். துண்டுகளை மடித்து அடுக்கினார். அறையைச் சுத்தம் செய்யும் மலாய்க்கார மக்சிக் வந்து பார்த்துத் திகைத்துப் போனார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை; வயதான பெண்மணி. அந்த மாடியிலேயே எங்கள் ஓர் அறையில்தான் ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு அன்றைக்கு இருந்த ஒரே வேலையை அம்மா முடித்து வைத்திருந்தார். மக்சிக் மெதுவாக அம்மாவின் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு, மலாயில் ஏதோ சொல்லி, அவரைத் தோளைப் பிடித்துப் பால்கனிக்கு நடத்திப் போய் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு உள்ளே வந்து, விரித்த படுக்கைகளைக் கலைத்து மறுபடி விரித்தார்.

நானும் தம்பியும் தூறலில் மணலுக்குப் போய் விளையாடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். மக்சிக் போயிருந்தார். அம்மா அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. நாங்கள் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தோம். தம்பி கம்பளத்தில் ஒரு வாளி மணலைக் கொட்டினான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திக்கென்றது.

"அம்மா, என்ன செய்யறீங்க?"

"ஒண்ணும் செய்யலியே."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி அம்மா சிரித்தார். யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. சும்மா சிரித்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன். லிப்ட் வரும் வரை காத்திருக்கப் பொறுமையின்றிப் படியிலேயே இறங்கினேன். கீழே வரவேற்புக் கூடத்தில் அப்பா தினசரியை விரித்து வைத்துக்கொண்டு, வாசல் காவலாளியான தமிழ்க்கார அண்ணனுக்குக் கூட்டமில்லாத கடலின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"பா! அம்மாவுக்கு உடம்பு முடியல! சும்மா உக்காந்திருக்காங்க!"

அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை. என் குரல் கேட்டதும் அத்தனை பேரும் உயிர் பெற்று எழுந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த சீனப் பெண் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். காவலாளி அண்ணன் சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். சமையற்கட்டுக்குச் செய்தி பறந்து, அடுத்த நிமிடம் அங்கே அடுப்பில் கஞ்சி ஏறியது. லிப்ட் கொள்ளாமல் இரண்டு தடவையாக எல்லாரும் மேலே போனோம்.

அறைக்குள் இத்தனை பேர் நுழைவதைப் பார்த்த அம்மா பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒனக்குத்தான்" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணுமில்லலா!"

"முடியாதவங்க எல்லாம் அப்படித்தாங்க்கா சொல்லுவாங்க" என்று சொல்லிக் காவலாளி அண்ணன் அம்மாவின் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

சீனப் பெண் காய்ச்சல் குச்சியை அம்மாவின் வாயில் வைத்துவிட்டதால் அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. குச்சியில் ஒன்றும் ஏறவில்லை. அதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கவலை அதிகமாயிற்று. உள்காய்ச்சல் என்றால் அது வெளியே தெரியாது என்று அவர் எல்லாருக்கும் விளக்கினார்.

"கடக்காத்து ஒத்துக்கல. பெட்டியக் கட்டு, வீட்டுக்குப் போயிரலாம்" என்று அவர் முடித்தார். அம்மா குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதே நேரம் அறையிலிருந்த டெலிபோன் அடித்தது. சித்தப்பா. அவர் பேசியது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. சோற்றுப் பானை தீய்ந்து விட்டதாம். மூன்று டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று அண்ணியிடம் கேட்க வேண்டுமாம்.

"அண்ணிக்கு உடம்பு சரியில்லடா. நாங்க இன்னும் ஒரு மணி நேரத்துல அங்க இருப்போம்" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு அண்ணிமேல் பாசம் உண்டு. அதனால் முதலில் "ஐயய்யோ" என்றார். பிறகு, "அப்ப சரிண்ணே. அண்ணி வந்து ரசம் மட்டும் வெச்சாப் போதும்" என்றார்.

அம்மா டெலிபோனைப் பார்த்தார். அப்பா இழுத்து வெளியே வைத்த பெட்டியைப் பார்த்தார். பால்கனிக்கு வெளியே, ஒருவரும் இல்லாத கடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னங்க, தலை சுத்துது" என்றார்.

"நான் சொன்னேன்ல!"

"இப்படியே காடியில ஏறுனா வழியில வாந்தி வந்துரும்."

"மழக்காத்து வேற. நோயாளிய வெளிய கொண்டு போகக் கூடாதுண்ணே" என்றார் காவலாளி அண்ணன்.

அம்மா நன்றியோடு அவரைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, பலவீனமான குரலில், கட்டிலைப் பால்கனிப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், கதவைத் திறந்து விடுங்கள் என்றார்.

"காத்து ஆகாதுன்னு இப்பதானே சொன்னாங்க?"

"இது வேற காத்துங்க."

ஆறு பேர் கட்டிலைத் தூக்கி வைத்தார்கள். சத்தம் கேட்டு வந்திருந்த மக்சிக் மட்டும் எதையும் தூக்கவில்லை. மருந்தெண்ணெய்ப் புட்டியோடு வாசலில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று உள்ளே வந்து, ஆண்கள் எல்லாரையும் கோழி விரட்டுவது போலக் கையை வீசி வெளியே விரட்டினார். தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய அட்டையைக் கதவில் மாட்டினார். நான் அழுத அழுகையைப் பார்த்து என்னை மட்டும் உள்ளே விட்டார்.

அன்றைக்கு அம்மா கஞ்சி குடித்தார். அதன் பிறகு அவித்த முட்டை இரண்டு சாப்பிட்டார். சாயங்காலம் சமையற்கட்டிலிருந்து ஒரு தட்டு பீசாங் கோரெங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், வந்தது. சுடச்சுட அதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். காய்ச்சலில் கிடப்பவருக்கு இப்படி ஒரு பசியா என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மக்சிக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலில் எண்ணெய் தேய்த்தார். அம்மாவுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாய்தான் தெரியும், மீன் விலை கேட்கிற அளவுக்கு. இருந்தாலும் இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள். நடுநடுவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேச்சு ஓய்ந்ததும் இருவரும் மழை கடலில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். மக்சிக்குக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்பம்மா சரியாகும்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அம்மா என் கண்ணைத் துடைத்தார். "இந்த ரூம நாளைக்கு எத்தன மணிக்குக் காலி பண்ணணும்னு கீழ கேட்டுட்டு வா."

ஓடிப்போய்க் கேட்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு.

"அப்ப பன்னண்டு மணிக்குச் சரியாயிரும்" என்றார் அம்மா.

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அம்மா எழுந்தார். கொண்டை போட்டுக்கொண்டார். பெட்டியைப் பூட்டினார். அப்பா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் தன் அதிர்ஷ்டம் என்றார். எந்த டாக்டரும் இப்படி மணி சொல்லிக் காய்ச்சலை இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் ரசத்துக்குப் புளி கரைத்தார்.

அன்று சாயங்காலம் சாமி மேடை முன்னால் நின்று பிள்ளையாரிடம் மனமுருகி வேண்டிக்கொண்டேன். பிறகு சமையற்கட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். இந்த வியாதி அம்மாவுக்கு இனி எப்போதும் வரக் கூடாது என்று வேண்டியிருக்கிறேன், பத்துத் தோப்புக்கரணம் போட்டிருக்கிறேன் என்றேன். அம்மா சந்தோஷப்பட்டு என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எப்பவுமே வரக் கூடாதுன்னா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. எப்பவுமே."

"சரி, போய்ப் படி" என்று சொல்லி அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளையார் கேட்டுவிட்டார். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் மழைக்காலம் வந்தபோது அப்பா அதே ஹோட்டலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் தம்பியையும் சித்தப்பாவையும். கடற்காற்று அம்மாவுக்கு ஆகாது என்பதால் அவரை மட்டும் பத்திரமாக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம். அம்மா வாசலில் நின்று கையசைப்பார். வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்திருப்பார். அந்த வியாதி அவருக்கு மறுபடி வரவே இல்லை. அம்மாவை நான்தான் காப்பாற்றினேன் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.