வாயுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

டூகல் மக்ரே சட்டமன்றத்தில் ஒரே ஒரு வரியை விட்டுக்கொடுத்தார். அந்த வரி அவர் தங்கை வீட்டுக்காரனைக் கொண்டுபோய்விட்டது.

வான்கூவர் தீவின் நிலக்கரிக் குழிக்குள் பதினொரு வயதில் இறங்கியவர். சங்கம் கட்டினார், சிறைக்குப் போனார், மாகாணச் சட்டமன்றத்துக்கும் போனார். சபை வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் கூடும்; மற்ற நாளெல்லாம் பழைய குழியேதான்.

அவர் கொண்டுவந்த சட்டப்படி, சுரங்கத்தில் வெடிக்கும் வாயு கசிகிறதா என்று தொழிலாளிகளில் ஒருவனே பார்த்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடலாம். கையெழுத்திட்டவனை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்தால்தான் ஓட்டு என்று ஆளுங்கட்சி முரண்டு பிடித்தது. அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிவிட்டார், பாவி மனுஷன்!

முதல் கையெழுத்துக்கு ஒருவரும் வரவில்லை. அவரே போட்டிருக்கலாம். சட்டமன்றக்காரன் போட்டால் அரசியல் என்பார்களாம், நல்ல சாக்கு. தங்கை கணவன் ஹேமிஷிடம் போய் நின்றார்.

"போடு மாப்ளே. சட்டமே நம்ம பக்கம். எவன் உன்னைத் தொடுவான்?"

"போட்டுர்றேன் மச்சான். உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு. கம்பெனியைவிட எனக்கு அவகிட்டதான் பயம்" என்று சிரித்தான் ஹேமிஷ்.

வாயு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டான். மறுவாரமே வேலை போயிற்று. அக்கம்பக்கத்துச் சுரங்கம் எதுவும் அவனைச் சேர்க்கவில்லை. யார், எவர் என்று கேட்காமல் ஆள் எடுக்கும் பாழுங்குழி ஒன்று மலைக்கு அப்பால் இருந்தது. அங்கே வாயு பார்க்க ஆளே கிடையாது. ஐந்தாம் மாதம் வெடித்து, ஹேமிஷ் பிணமாகத்தான் வெளியே வந்தான்.

அடக்கம் முடிந்து இஷ்பெல் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றிவைத்தாள். டூகல் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விட்டுப்போன வரியைச் சேர்க்கச் சொல்லும் மனு.

"நீ கையெழுத்துப் போட்டா சபையில எவனும் வாய் திறக்க மாட்டான்மா."

அவள் தாளைத் தொடவில்லை.

"ஏண்ணா, எப்பப் பாத்தாலும் உனக்கு எங்க வீட்டுக் கையெழுத்துதான் வேணுமா?"

டூகல் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் வாயு பார்க்கும் விளக்கை எடுத்துக்கொண்டு குழி முழுக்கச் சுற்றினார். வாயு இருந்தது. ஹேமிஷுக்குப் பிறகு யாருமே தொடாத அந்தப் புத்தகப் பக்கத்தில், அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

வாரம் முடிவதற்குள் சாப்பாட்டு டப்பாவும் கையுமாகத் தங்கை வாசலில் வந்து நின்றார்.

"போட்டுட்டேன் இஷ்பெல். வெரட்டிட்டாங்க."

"அன்னைக்கே நீ போட்டிருக்கலாமேண்ணா" என்றாள்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.