பதினோராம் நம்பர் அறைத் துண்டு

தஞ்சாவூரில் நான் லாட்ஜ் மேனேஜராக இருந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் தலையணை உறையைக்கூடச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு முகமும் நினைவில் இல்லை. நன்னிலம் பக்கத்து வைரக்கண்ணு முகம்தான் போக மாட்டேன் என்கிறது.

எட்டு வயதில் பண்ணையில் மாடு மேய்க்கப் போனவர். மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். நாற்பது வயதுவரை அப்படித்தான் நின்றார். பிறகு சங்கத்தில் சேர்ந்தார். கழக ஆட்சி வந்த புதிதில், அறுவடைக் கூலிப் பேச்சு தஞ்சாவூரில் நடந்தது. ஊர்ச் சார்பாகப் பேச அவரைத்தான் அனுப்பினார்கள். எங்கள் லாட்ஜில் பதினோராம் நம்பர் ரூம்.

கட்டிலில் புதுத் துண்டை மடித்து, அதன்மேல் குட்டிச் சோப்பு, சீப்பு, எண்ணெய்ச் சீசா வைப்பது எங்கள் வழக்கம். வைரக்கண்ணு தொடாமல் நின்று பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்குங்க?"

"உங்களுக்குத்தாங்க. வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம்," என்றேன். துண்டு மட்டும் லாட்ஜுடையது என்று சொல்லவில்லை. இதுகூடவா தெரியாது என்ற நினைப்பு! கூட்டத்துக்கு வந்தவருக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்கிற ஊர் இது. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். நடையே வேறு. கீழே, பேச்சுக்கு வந்த மிராசுதார்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, பாவி!

"யோவ், லாட்ஜு துண்டை எங்கய்யா தூக்கிட்டுப் போற?" என்று தோளிலிருந்து உருவினேன். ஒரு மிராசுதார் சத்தமாகச் சிரித்தார். வைரக்கண்ணு குனிந்த தலையோடு வெளியே போனார்.

அவருடன் வந்திருந்த சங்கத்து சாரங்கபாணி சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆளு வாயைத்தான் ஊரே நம்பியிருந்துச்சு, தாவூது பாய். உள்ள போயி ஒரு வார்த்தை பேசலை. பழைய கூலிக்கே முடிச்சுட்டாங்க. ஒரு துண்டு உங்களுக்குப் பெருசாப் போச்சா?"

நெஞ்சில் கத்தியைச் செருகியது மாதிரி இருந்தது. பத்தாம் நாள் மன்னிப்புக் கேட்க பஸ் ஏறி அவர் ஊருக்கே போனேன். நாற்றங்காலில் நின்றவர் என்னைக் கண்டதும் பதறிக் கரையேறினார்.

"அண்ணே, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம எடுத்துட்டேங்க. மன்னிச்சுக்குங்க எசமான்," என்றார்.

கேட்க வந்ததைக் கேட்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.