அஞ்சலீனா கீறிய மேபிளவர்

அஞ்சலீனாவுக்குப் பிரெஞ்சு வராது. மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடமாகியும் 'போன்ஜூர்', 'மெர்சி'க்கு அப்பால் நாலு வசனம் பேச வேண்டி வந்தால் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் பத்து வயது மகள் ஷெரோனைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டி, வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறாளாம்! 2005இல் இந்தக் கதை பரவியபோது அவர்கள் இருந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோப் பகுதியில் அவளைத் தெரிந்த சனமெல்லாம் சிரித்தது. "உனக்கென்ன விசரே?" என்று ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவளுடைய மச்சாள் பிலோமினம்மா நேரேயே கேட்டாள்.

விசரில்லை. ஷெரோன் வாய் ஓயாமல் கதைப்பாள். ஒரு தடவை கேட்டதை மறக்கமாட்டாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுக்குத்து வந்துவிடும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் கழிவறைக்கு ஓடிவிடுவாள். நாலாம் வகுப்பு முடிவில், அவளைப் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்பில் போடப்போவதாகக் கடிதம் வந்தது. பிள்ளை இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "அம்மா, நான் மொக்கோ?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். தாய்க்கு அந்த ஒரு கேள்வி காணாதா? பிரெஞ்சு தெரிந்த கணவர் அருமைநாதனைக் கொண்டு, வீட்டில் படிப்பிக்க விடச் சொல்லிக் கல்விச் சபைக்குக் கடிதம் எழுதுவித்தாள். ஒரு வருடம் தருகிறோம், அடுத்த ஜூனில் ஆள் வந்து பார்க்கும், பிள்ளை வாசிக்காவிட்டால் செப்டெம்பரில் அந்த வகுப்புத்தான் என்று பதில் வந்தது.

எதை வைத்துத் தொடங்குவது? அந்தக் கோடையில் பொஸ்டனிலுள்ள சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, அங்கே கடற்கரை ஊரான பிளிமத்தில் மேபிளவர் கப்பலின் மாதிரியைப் பார்த்திருந்தார்கள். கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய சனத்தின் கப்பல் அது. வீடு வரும்வரைக்கும் ஷெரோன் துளைத்தெடுத்தாள். அவை ஏன் வந்தவை? ஆர் துரத்தினது? குளிரிலை எத்தனை பேர் செத்தவை? பாடப் புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளை!

"இதிலையே பிடிப்பம்" என்றாள் அஞ்சலீனா. மன்னாரில் படித்த காலத்தில் பாதி வகுப்பின் விலங்கியல் கொப்பிகளில் தவளைப் படம் கீறிக் கொடுத்த கை அது. அருமைநாதன் இணையத்தில் பார்த்துக் கதையைச் சொல்ல, அவள் கட்டம் கட்டமாகக் கொமிக்ஸ் கீறினாள். ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் வசனத்துக்கு வட்டம் போடுவாள். உள்ளே ஒன்றும் எழுதமாட்டாள். பிரெஞ்சில் எழுதத் தெரிந்தால்தானே!

"இந்தக் கப்பல்காரன் என்ன சொல்லுறான், அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? நீ எழுது. பிரெஞ்சிலை எழுது."

ஷெரோன் எழுதுவாள். வேலையால் வந்து தகப்பன் எழுத்துப்பிழை திருத்துவார். பிறகு பிள்ளை அதை உரக்க வாசித்துத் தாய்க்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும். "விளங்கேல்லை, திரும்ப வாசி" என்று அஞ்சலீனா சொல்வது நடிப்பில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்காது. தன் இயலாமையையே மகளுக்குப் பாடமாக்கிவிட்ட கெட்டிக்காரி! உயிர்த்த ஞாயிறு வருவதற்குள் ஒன்பது புத்தகம் சேர்ந்துவிட்டது.

ஜூனில் கல்விச் சபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல மனுஷிதான். ஷெரோன் தன் கொமிக்ஸைத் தட்டுத்தடங்கலின்றி வாசித்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாலும் முகம் தெளியவில்லை.

"இஞ்சரப்பா, என்னவாம்?" என்று அஞ்சலீனா மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை தானே எழுதினதாம். பாடமாக்கி ஒப்புவிக்கிறாள் எண்டு நினைக்கிறா. இதைக் கணக்கெடுக்க ஏலாதாம்" என்றார் அருமைநாதன்.

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டியபடி ஷெரோனிடம் கேட்டாள்: இதிலுள்ளதெல்லாம் உண்மையா?

ஷெரோன் தாயைப் பார்த்தாள். பிறகு "இல்லை" என்று சொல்லி மூன்றாம் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். கப்பலின் அடித்தட்டில் மெழுகுதிரிகளுக்கு நடுவே, அஞ்சலீனாவின் ஊர்ப்பக்கத்து மடு மாதாவின் சொரூபம். முன்னால் ஒரு கிழவி செபமாலையோடு. அஞ்சலீனா ஆகக்கூடுதலாக மினைக்கெட்டுக் கீறிய படம் அது. ஓடுகிற சனம் மாதாவை விட்டுவிட்டா ஓடும்?

ஷெரோன் மளமளவென்று பிரெஞ்சில் சொல்ல, அருமைநாதன் தமிழில் சொன்னார்: அந்தச் சனத்துக்குச் சொரூபமும் செபமாலையும் ஆகாதாம். அதெல்லாம் பாவமாம். யேசு பிறந்த நத்தாரைக்கூடக் கொண்டாடாத ஆட்களாம். சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கியது.

அஞ்சலீனா அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தாள். மாதாவே! ஒரு வருடமாகப் பிள்ளைக்குப் பிழையைப் படிப்பித்திருக்கிறேன், அதுவும் அதிகாரிக்கு முன்னால் வெளிப்பட்டுப் போச்சு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"உனக்கு யார் சொன்னது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒருவரும் சொல்லவில்லை. வாசித்தேன்."

ஷெரோன் மாடிக்கு ஓடிப்போய் நூலகத்துப் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். தடித்த புத்தகம், மருந்துக்கும் படமில்லை. விரலை வரியின் கீழே வைத்து வாசித்தாள். இரண்டு இடத்தில் தடக்குப்பட்டுத் திரும்பிப் போனாள். ஆனாலும் பந்தியின் முடிவுவரைக்கும் வாசித்தாள். அந்தப் பெண் தானாக வேறொரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அதையும் வாசித்தாள்.

அந்தப் பெண் நெடுநேரம் எழுதினாள். வீட்டிலேயே இன்னும் ஒரு வருடம் படிக்கலாம், அந்த வகுப்புத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அஞ்சலீனா மகளைப் பிடித்தாள். "எப்பயடி உனக்குத் தெரியும்?"

"பெப்ரவரியிலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் மாதாவை அவ்வளவு வடிவாக் கீறியிருந்தீங்கள். பிழையெண்டு சொல்ல மனம் வரேல்லை, அம்மா."

அஞ்சலீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மாதா குறை நினைக்க மாட்டா" என்று பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். "என்ர பிழையைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வாசிச்சிருக்கிறியே, என்ர ராசாத்தி! எனக்கு வேற என்னடி வேணும்?"