அம்புறோஸ் அத்தானின் கைமணிக்கூடு

என் அக்கா எடித்தின் கணவர் அம்புறோஸ் அத்தான் தாழ்வுபாடு என்ற கரையோர ஊரில் மீன் விற்பவர். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பெரிய வாய்க்காரர். பாரை மீன் கேட்பவரின் தலையில் மலிந்த சூடையைக் கட்டிவிடுவார்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தரம் வந்தால் இதயம் தாங்காது, சைக்கிள் மிதிக்கவே கூடாது, ஆறுதலாகக் கொஞ்சம் நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உருட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! மனிதர் மீன் பாரத்தோடு மணலுக்குள் சைக்கிளை உருட்டத் தொடங்கினார். அதைத்தான் நடை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தாலியில் இருக்கும் மகள் கிறேஸ், காலடிகளை எண்ணும் கைமணிக்கூடு ஒன்றை அனுப்பினாள். அப்பா நடப்பது அங்கே அவளுடைய போனில் தெரியும். நாளுக்கு இத்தனை அடி என்று அதில் கணக்கும் வைத்துவிட்டாள். பிள்ளை பாசத்தில் செய்த வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாமான் கை ஆடினால்தான் நடை என்று எடுக்கும். அத்தானின் கைகளோ ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தபடி. காலை முழுக்க உருட்டிவிட்டு வந்தாலும், ஆள் கதிரையை விட்டு எழும்பாத மாதிரிக் காட்டும்.

அக்காதான் கண்டுபிடித்தாள். "குந்தியிருந்து மீன் செதில் வழிக்கேக்க ஓடுது, சைக்கிள் உருட்டேக்க நிக்குது. இது பிழையான சாமான் பிள்ளை," என்று போனில் சொன்னாள்.

"விலைகூடின மணிக்கூடம்மா, பிழை விடாது. அப்பாதான் நடக்காமப் பேய்க்காட்டுறார். இன்னும் நடக்கச் சொல்லுங்கோ."

மகளின் சொல்லை அத்தான் தட்டமாட்டார். பின்னேரமும் பெட்டியோடு இறங்கினார். கால் வீங்கியது, உதடு கறுத்தது. வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் ஓட்டோ ஓடுகிறவன். "ஏறுங்கோ அத்தான்," என்றால் மணிக்கூட்டைக் காட்டுவார்.

"இன்னும் பாதிகூட வரேல்லையடா."

ஒருநாள் கோவில் சந்தியில் விழுந்துவிட்டார். அக்காவையும் ஏற்றிக்கொண்டு பறந்தேன். ரோட்டு முழுக்கக் குழியும் கிடங்கும். ஓட்டோ துள்ளத் துள்ள, அவரது கை அக்காவின் மடியில் கிடந்து ஆடியது. அக்கா அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மணிக்கூடு அதிர்ந்து பச்சையாக மினுங்கியது. டொக்டர் பார்த்தார். போய்விட்டார் என்றார்.

அக்காவின் போன் அடித்தது. கிறேஸ்.

"அம்மா, அப்பாட்டக் குடுங்கோ! இண்டைக்குத்தான் கணக்கு முழுக்க நடந்திருக்கிறார்."

அக்கா போனை என்னிடம் நீட்டினாள்.