பதினான்கு சீட்டும் ஒரு கட்டிலும்

போன வாரம் தெஹியோவிட்டயிலிருந்து ஒரு வாசகர் போனில் கோல் எடுத்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர். பழைய வேன் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, மனைவியோடு தீவைச் சுற்றப் போகிறாராம். யூடியூபில் பார்த்துப் பார்த்து எல்லாம் திட்டம் போட்டாயிற்று.

“அதப் பதியணுமா சார்? இன்ஷூரன்ஸ் தருவாங்களா?”

சொன்னேன். வேனில் கைவைக்கும் முன்னால் அனுமதி எடுங்கள். பரிசோதகர் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸ்... கடகடவென்று ஒப்புவித்தேன்.

“இதெல்லாம் எப்பிடி சார் தெரியும்?”

எங்கேயோ கேள்விப்பட்டது என்று மழுப்பிவிட்டேன். கேள்விப்பட்டது இல்லை. அந்தத் தம்பியிடம் சொல்ல மனம் வராததை இங்கே எழுதுகிறேன்.

பாலா என்னோடு படித்தவன். பெல்மதுளைக்குப் பக்கத்துத் தோட்டம். பதினான்கு சீட் வேனில் கார்மண்ட் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. மனைவி சந்திரா அதே தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் ஐந்து வாரம் கரண்ட் பிடிக்க வேண்டும் — எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும். நடந்து வரக்கூடியவர்களுக்கு வார்ட்டில் கட்டில் கிடைக்கவில்லை. கொழும்பில் தங்குவதற்கு ஒரு சொந்தமும் இல்லை. ஒவ்வொரு நாளும் கார் பிடிக்க வசதியும் இல்லை.

அவளால் நெடுநேரம் உட்கார முடியாது. படுத்தால்தான் வலி தாங்கும்.

பாலா கார்மண்ட் ஹயரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தான். வேனை நஸீர் நானாவின் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், பின் சீட்டுகளை எல்லாம் கழற்றினான். அவற்றை விற்றுத்தான் இரும்பும் ஸ்பொஞ் மெத்தையும் வாங்கினான். ஒரு கட்டில். சின்ன காஸ் அடுப்பு. மூலையில் மூடி போட்ட வாளி, அதைச் சுற்றி ஒரு திரை — திரை சந்திரா கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வாரம் முழுக்க வேனிலேயே இருப்பது, வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புவது. அதுதான் யோசனை.

பார்க்கக் கூப்பிட்டான். போனேன். சந்திரா ஏறிப் படுத்துக் காட்டினாள்.

“அண்ணே, எங்க லயத்துக் காம்பராவ விட இது நல்லா இருக்கு.”

தோட்டத்து லைன் வீட்டில் அவர்களுக்கு இருப்பது ஒரே அறை. சிரித்தேன். சிரித்துவிட்டு பாலாவிடம், “இன்ஷூரன்ஸ்ல சொன்னியா?” என்று கேட்டேன்.

“என்னத்த சொல்றது?”

“புக்குல பதினாலு சீட்டுன்னு இருக்கு. உள்ள கட்டில்தானே இருக்கு.”

நானே அவனை இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த பெண் நல்ல மாதிரி. படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். புத்தகத்தில் இருப்பது ஒரு வேன், இது வேறொரு வேன். ஏதாவது நடந்தால் கம்பனி கைவிரித்துவிடும். முதலில் புத்தகத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

புத்தகத்தை மாற்றப் போன இடத்தில் வாகனப் பரிசோதகரும் கெட்ட மனிதர் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்து, “மேக மொகடத?” என்றார். இது எதற்கு என்று அர்த்தம். பாலா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கட்டிலைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. கட்டிலை போல்ட் போட்டு இறுக்க வேண்டும், சிலிண்டர் இருக்கக் கூடாது, இன்ஜினியர் ஒருவரின் கடிதம் வேண்டும். அடுத்த பரிசோதனை மூன்று வாரம் கழித்து.

அவர் சொன்னதில் என்ன பிழை? சடாரென்று பிரேக் போட்டிருந்தால் அந்தக் கட்டில் சந்திராவையும் கொண்டு முன்னுக்கு வந்திருக்கும்.

ஆனால் கரண்ட் வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது.

திரும்பி வரும்போது பாலா மெல்லக் கேட்டான்: “போல்ட்ட நாளைக்கே போட்டுர்றேன். சிலிண்டரையும் எறக்கிர்றேன். மூணு வாரந்தானே மச்சான்... அப்பிடியே ஓட்டிட்டுப் போயிர்றேனே?”

“வேணாம். மழ நாளு. ரோட்ல யாரு மேலயாவது பட்டுச்சுன்னா? இன்ஷூரன்ஸ் இல்லன்னு ஒன்ன உள்ள போட்டுட்டா சந்திராவ யாரு பாக்குறது?”

பேப்பரில் எழுதுகிறவன் நான் சொல்கிறேனே என்று கேட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் போனார்கள். விடிவதற்கு முன் முதல் பஸ். போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல், வர அதற்கும் மேல். “அக்காட்ட சீட் தெகக் தென்ன” என்று சிங்களத்தில் சொல்லி ஆட்களை எழுப்பி, அவளுக்கு இரண்டு சீட்டாக வாங்கித் தருவாராம் கொண்டக்டர். அதில் சுருண்டு கிடப்பாள். அவிசாவளை தாண்டியதும் வாந்தி. ஒரு நாள் சேலையெல்லாம் இரத்தமாகிவிட்டது. எல்லாரும் போன பிறகும் எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாளாம். பாலா தன் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி இறக்கியிருக்கிறான்.

பத்து நாள் போனாள். பதினோராவது நாள் மறுத்துவிட்டாள்.

“நீ வந்து சொல்லு மச்சான், கேப்பா” என்றான் பாலா. போனேன்.

“கரண்ட் வலிக்கலண்ணே. அது ரெண்டு மூணு நிமிஷம். பஸ்சுதான்... இனி என்னால ஏலாது” என்றாள். “அவருகிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

வெளியே வேன் நின்றது. கட்டிலில் பெட்சீட் விரித்தபடி.

மூன்றாவது வாரம் வேன் பாஸானது. புத்தகம் திருத்தி வர, சொந்த ஓட்டத்துக்கு மட்டும் என்று இன்ஷூரன்ஸ் எழுத, இன்னும் இரண்டு வாரம். பதினான்கு என்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

அடுத்த நாளே அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனான். நடுவில் இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆனாலும் மிச்சத்தைக் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி மதில் ஓரமாக வேனில் குடியிருந்தார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்துவைத்து, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “நல்லாத் தூங்குறேண்ணே” என்றாள்.

ஏழு மாதத்தில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தை மாதம் சந்திரா போய்விட்டாள்.

அந்த இடைவெளிதான் காரணமா? டாக்டரைத் தனியாகப் போய்க் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அடித்துச் சொல்லுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

யார் மேல் குற்றம் சொல்வது? எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். நானும் சட்டப்படி சரியானதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பஸ்ஸில் போனது அவள். ஆலோசனை சொல்கிறவனுக்கு இந்த வசதி எப்போதும் இருக்கிறது, இல்லையா?

கருமாதி முடிந்து சில நாள் கழித்து பாலாவிடம் கேட்டேன்: “என் மேல கோவமாடா?”

வேன் படியில் உட்கார்ந்திருந்தான்.

“நீ சொன்னது சரிதான் மச்சான். நாந்தான் ஒங்கிட்ட கேட்டிருக்கக் கூடாது.”

அவன் சீட் எதுவும் திரும்பப் போடவில்லை. தோட்டங்களிலிருந்து கரண்ட் பிடிக்கப் போகிறவர்களை அந்தக் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோகிறான். டீசல் அடித்துக் கொடுத்தால் போதும் என்கிறானாம். போன மாதம் பெல்மதுளைச் சந்தியில் வேனைக் கண்டேன். உள்ளே யாரோ ஒரு அம்மா படுத்திருந்தார். பாலா கை காட்டினான்.

சொந்தப் பாவனைக்கென்று எடுத்த இன்ஷூரன்ஸ், இப்படி ஆள் ஏற்றினால் செல்லுமா? செல்லாது என்று எனக்குத் தெரியும்.

நானும் கையை மட்டும் காட்டினேன்.