அபிசீனியாவின் எதிர் வாக்கு

1933இல் இராமலெட்சுமி சீயமாக இருந்தாள். வயது பதினான்கு. வெள்ளவத்தையில் ஒரு மாணவர் மன்றம் வருடந்தோறும் நடத்திய மாதிரிச் சர்வதேச சங்க மாநாட்டில் மாணவர் ஆளுக்கொரு நாடாகப் பேசுவார்கள்; அவளுக்குக் கிடைத்த நாடு அது. மஞ்சூரியா ஆக்கிரமிப்பைக் கண்டித்த வாக்கெடுப்பில் உண்மையான சீயம் வாக்களிக்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. மன்றச் செயலாளர் அருளையா முதுகில் தட்டிக் கொடுத்தார். அடுத்த வருடம் நோர்வே, அதற்கடுத்த வருடம் பாரசீகம்.

அப்பா சுடலைமுத்து தெமட்டகொடை யார்டில் ரயில் பெட்டி கழுவுபவர். முதல் வகுப்புப் பயணிகள் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகைகளை அவர் கொண்டுவருவார். ஈரம் காயவைத்து அவள் படிப்பாள். மன்றத்தின் விதிகள் இரண்டு: தன் விருப்பப்படி அல்ல, அந்த நாடு எப்படி வாக்களிக்குமோ அப்படியே வாக்களிக்க வேண்டும்; ஒரே ஒரு எதிர் வாக்கு விழுந்தாலும் தீர்மானம் தோற்கும்.

1936இல், இத்தாலி படையெடுத்துப் பிடித்திருந்த, யாரும் தொட விரும்பாத அபிசீனியா அவள் கைக்கு வந்தது. கொட்டாஞ்சேனைப் பள்ளியில் உடன் படித்த றோஸிக்கு இத்தாலி.

"உன்னைத் தின்னப் போறன், லெச்சுமி," என்றாள் றோஸி, வெள்ளவத்தைக்குப் போகும் ரயிலில்.

"தின்னு. தொண்டையில முள்ளு குத்தும்."

மன்றத்தில் இராமலெட்சுமிக்கு அது கடைசி வருடம். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பெரிய மனிதர் ஒருவரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். தருவதாக அருளையா சொல்லியிருந்தார்.

அன்றைய தீர்மானம், அந்தப் படையெடுப்புக்காக இத்தாலி மீது விதித்த வர்த்தகத் தடையை நீக்குவது. தலைமை விருந்தினர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் முன்னால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற வேண்டுமென்பது அருளையாவின் ஆசை. இடைவேளையில் அவளைத் தனியே அழைத்தார். வாக்கெடுப்பு நேரம் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால் போதும், இல்லாத ஆளை எண்ணமாட்டோம் என்றார்.

"அபிசீனியா எதுக்கு சார் வெளிய போகணும்?"

"இது ஒரு விளையாட்டுத்தானே, பிள்ளை."

"வெளையாட்டுன்னா விதிப்படி வெளையாடணும்ல, சார்."

"கடிதம் நான் இன்னும் எழுதேல்லை. யோசிச்சுக்கொள்ளும்."

அவள் யோசித்தாள். நாடுகளை ஒவ்வொன்றாக அழைத்தார்கள். அபிசீனியா என்றதும் எழுந்து, எதிர்ப்பதாகச் சொன்னாள். தீர்மானம் விழுந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் அவள் நேரே குறிப்பெழுதுபவரின் மேசைக்குப் போனாள். அபிசீனியாவுக்கு நேரே, அவள் அவையிலேயே இல்லாததுபோல், 'சமுகமில்லை' என்று இருந்தது. அதைத் திருத்தும்வரை நகரமாட்டேன் என்றாள். அவர் அருளையாவைப் பார்த்தார். தவறுதலாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டால் கடிதம் இப்போதே தரலாம் என்றார் அருளையா.

"தவறா சொல்லல, சார். இருந்தேன். நின்னு சொன்னேன். அத எழுதச் சொல்லுங்க."

மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்த பிறகுதான் அந்தச் சொல் அடிக்கப்பட்டு 'எதிர்' என்று எழுதப்பட்டது. மை காயும்வரை பார்த்துவிட்டுப் புறப்பட்டாள். றோஸி வாசலில் காத்திருந்தாள்.

கடிதம் வரவில்லை. பத்து வருடமாகக் கொட்டாஞ்சேனையில், துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளியில், சான்றிதழ் இல்லாத ஆசிரியைக்குரிய அரைச் சம்பளத்தில் கற்பிக்கிறாள். வருடந்தோறும் ஜனவரியில் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். நற்சான்று கேட்கும் பக்கத்தில், தன் கையெழுத்திலேயே, அன்று நடந்ததை முழுதாக எழுதி இணைக்கிறாள். ஒன்பது முறை திரும்பி வந்தது. இந்த வருட விண்ணப்பத்தைச் சென்ற செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்தாள்.